டாக்ஸிக்காரனுக்கு அவள் என்ன முறை?

வீட்டில் "இங்கிலீஷ் படம்" என்று சொல்லியிருக்கக் கூடாது. "பழைய படம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். ராஜபாளையத்தில் இங்கிலீஷ் படம் என்றால் காலைக் காட்சி என்று அர்த்தம். சுவரொட்டியில் பாதியைத் தாள் ஒட்டி மறைத்திருப்பார்கள். ஆண்கள் மட்டும், வேர்க்காத முகத்தைத் துண்டால் துடைத்தபடி உள்ளே நுழைவார்கள். இது எனக்கும் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வரிசைப்படுத்திக்கொண்டுதான் வந்தேன். வாயைத் திறந்ததும் வரிசை கலைந்துவிட்டது.

"இங்கிலீஷ் படத்துக்குக் குடும்பத்தோடயா வரச் சொல்லுதாரு?" அம்மா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். "ஏட்டி, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா போலீசில் ஏட்டு. வீட்டிலும் ஒரு விஷயத்தைக் கேட்டு முடிக்கும் வரை முகத்தில் எதையும் காட்ட மாட்டார்.

"யாரு போடுதா?"

"கிளாஸ் எடுக்கிற வைகுண்டராஜ் சார்ப்பா. இங்கிலீஷ் காதுல விழணுமாம். போன மாசம் ரெண்டு வீட்டுல பொம்பளப் பிள்ளைகளுக்கு என்ன படம் போடுதீகன்னு சத்தம் போட்டாங்க. அதான், எல்லாரும் வந்து உக்காந்து பாருங்கன்னு சொல்லிட்டாரு."

அப்பா மோரை ஊற்றிக் குடித்து முடித்தார். "போவோம். ஒரு சீன் அசிங்கமா வந்துதுன்னாலும் அன்னைக்கோட அந்தக் கிளாசு முடிஞ்சுது. பொறவு அழக் கூடாது."

நான் அழவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை. பகலில் நான் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணியை மடித்துச் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறேன். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளுக்கு ஆபீஸில் ஒருவர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார். அவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். ஒழுங்காகக் கடிதம் எழுத வந்தால் அந்த நாற்காலி எனக்கு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாலை வகுப்புக்குப் போகிறேன். "தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்" என்ற முதல் வரி இப்போது தடுக்காமல் வருகிறது. இரண்டாவது வரி இன்னும் வரவில்லை. இந்த இடத்தில் வகுப்பு நின்றால் ஆயுசுக்கும் முதல் வரியோடு இருந்துவிடுவேன்.

படத்தை வியாழக்கிழமையே சார் எங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார். சனிக்கிழமை குடும்பங்களுக்கு. சார் பகலில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவர். முப்பது வயதிருக்கும். மெட்ராஸில் ஒரு நூலகத்தில் வேலை செய்யும் சிநேகிதர், ரயிலில் தகரப் பெட்டியில் படச்சுருளை அனுப்பி வைப்பார். எப்போதும் கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம்தான். மழை, இருட்டு, தொப்பி, சிகரெட், கொலை. வேறு நல்ல படமே கிடையாதா என்று நாங்கள் ஒருமுறை கேட்டோம்.

"இந்தப் படங்களில்தான் ஆட்கள் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவார்கள்" என்றார் சார். வகுப்பில் அவர் புத்தகத் தமிழில்தான் பேசுவார். "உங்களுக்குப் புரியும். இவற்றில் நீளமான வாக்கியம் பேசுகிறவன் பொய் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, யார் நல்லவன் என்று கடைசி வரை சொல்லித் தர மாட்டார்கள். நாமாகத்தான் பார்க்க வேண்டும். இதை வேறு எந்தப் படம் நம்மிடம் விடுகிறது?"

இந்தப் படத்தின் பெயர் அவருக்கே தெரியவில்லை. தலைப்பு வருகிற துண்டு எப்போதோ அறுந்து போயிருந்தது. நேராக மழையில் ஆரம்பித்தது.

கதை இதுதான். துறைமுகம் உள்ள ஓர் ஊரில் ஒரு டாக்ஸிக்காரன். மேட்டில் பெரிய வீடு. அந்த வீட்டுப் பெண் அடிக்கடி அவன் டாக்ஸியில் ஏறுகிறாள். அவளுக்கு ஒரு கிழட்டுக் கணவன். டாக்ஸிக்காரனுக்கு அவள் மேல் ஆசை. ஒருநாள் வண்டிக்குள்ளேயே ஒரு முத்தம். பிறகு ஒரு மழை ராத்திரி, அவன் வாசலில் காத்திருக்கும்போது கிழவர் மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடக்கிறார். அந்த நேரத்தில் அவள் என் டாக்ஸியில் ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்று அவன் போலீசில் சாட்சி சொல்கிறான். அவள் தப்பிக்கிறாள். பழி அந்த வீட்டு வேலைக்காரன் மேல் விழுகிறது. கடைசியில் டாக்ஸிக்காரன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, நான் சொன்னது பொய் என்கிறான். அவ்வளவுதான்.

எனக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. ஏன் என்று வியாழக்கிழமை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் வண்டிக் கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழியும்போது அதன் நிழல் அவன் முகத்தில் வழியும். அழுகிற மாதிரி இருக்கும், ஆனால் அவன் அழ மாட்டான். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் மூன்று பேர் நின்று பேசினோம். வேல்சாமி நூற்பாலையில் வேலை பார்க்கிறவன். நாச்சியாருக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. மாமியார் அனுப்பி வைக்கிறதால்தான் அவள் வகுப்புக்கே வருகிறாள்.

"அடுத்தவன் பொண்டாட்டி டாக்ஸிக்காரனோட சுத்துதான்னு எங்க அம்மாட்ட எப்படி லேய் சொல்லுறது?" என்றான் வேல்சாமி, யாரையோ திட்டுகிற மாதிரி.

"எங்க அத்தை படத்த நிறுத்துற முன்னால என்னய நிறுத்திரும்" என்றாள் நாச்சியார்.

சார் வந்து, "முத்தம் வருகிற இடத்தில் நான் லென்ஸுக்கு முன்னால் கையை வைத்துக்கொள்கிறேன். பேச்சை நீங்கள் அவரவர் வீட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்" என்றார்.

பார்த்துச் சொல்வது என்று எல்லோரும் தலையாட்டினோம். மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டாமா, என்ன சொல்லப் போகிறோம் என்று இப்போதே பேசிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று சிரிப்பார்களோ என்று சும்மா இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடக்கிற மாடிக்கு அம்மாவும் அப்பாவும் என்னோடு வந்தார்கள். அப்பா சாதாரண வேட்டி சட்டையில்தான் இருந்தார். ஆனாலும் யாரோ அடையாளம் கண்டு "ஏட்டையா வாங்க" என்று முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். எங்கள் கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியை நான்தான் கொண்டுவந்து இரட்டையாகத் தைத்துத் திரையாகக் கட்டியிருந்தேன். நெசவு நெருக்கமில்லாததால் வெளிச்சம் ஊடுருவிப் பின்சுவரிலும் விழுந்தது. ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் மங்கலாக இன்னொரு முகம் தெரிந்தது. இது சரியில்லையே என்று சாரிடம் சொன்னேன். இந்தப் படத்துக்கு இதுதான் சரி என்றார்.

விளக்கு அணைந்தது. மழை பெய்தது. டாக்ஸியில் அந்தப் பெண் ஏறினாள்.

"யாருட்டி இவ?" என்றாள் அம்மா.

இந்தக் கேள்விக்கு இரண்டு நாளாகத் தயாராகியிருந்தேன். "அந்த டாக்ஸிக்காரனுக்கு மாமன் மகம்மா. கட்டிக்கிற முறை."

"அப்படியா." அம்மா முந்தானையை இழுத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தாள். "அந்தப் பெரிய வீட்டுக் கெழவன்?"

"பெரியப்பா. அவுகதான் வளக்காங்க."

"சொத்தெல்லாம் அவன் கையிலயோ?"

"ஆமாம்மா."

"பொண்ணத் தர மாட்டேங்கான். அதான் பய மூஞ்சி இப்படித் தொங்குது." அம்மா கதைக்குள் போய்விட்டாள். நான் சொல்லாத பகுதிகளையும் அவளே சேர்த்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. முத்தக் காட்சி வந்தபோது திரை முழுக்க ஐந்து பெரிய விரல்கள் விழுந்தன.

"இது யாரு கை?" என்றாள் அம்மா.

"மழைம்மா" என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கிழவர் படிக்குக் கீழே கிடந்தார். முதல் ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. ஒரே ஒரு புரொஜக்டர்தான். அடுத்த ரீலை மாட்ட நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் பெண்கள் பேசுவார்கள் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

"பாவம் மாமன் மக. பெரியப்பனும் போய்ச் சேந்துட்டான், இனி அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?" என்று அம்மா பக்கத்திலிருந்த வேல்சாமியின் அம்மாவிடம் சொன்னாள். அவள் பெயர் வெள்ளைத்தாய். மடியில் காராச்சேவுப் பொட்டலம் வைத்திருந்தாள்.

"மாமன் மகளா? அவ அவனுக்கு அக்காள்லா?"

"அக்காளா? யாரு சொன்னா?"

"எம் மகன்தான் சொன்னான். கூடப் பொறந்தவ. பெரிய எடத்துல வாக்கப்பட்டுட்டா. தம்பிக்காரன் டாக்ஸி ஓட்டுதான். அக்காளப் பாக்காம இருக்க மாட்டான்."

பின் வரிசையிலிருந்து நாச்சியாரின் மாமியார் பாலம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்ன பேசுதீக ரெண்டு பேரும்? அவுக புருசன் பொண்டாட்டி. கல்யாணம் ஆனவுக. செத்துப்போன கெழவன் அவளுக்கு மாமனாரு."

மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா நாற்காலியை அப்படியே பின்பக்கம் திருப்பிப் போட்டார். அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

"ஏலே தம்பி, இங்க வா. ஒம் பேரென்ன?"

"வேல்சாமிங்கய்யா."

"டாக்ஸிக்காரனுக்கு அவ என்ன முறை?"

"அக்காங்கய்யா."

"கூடப் பொறந்ததா?"

வேல்சாமி என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். "ஒண்ணுவிட்ட..." என்றான்.

"ஏலே, கூடப் பொறந்தவன்னுல்லா என்கிட்ட சொன்ன!" என்றாள் வெள்ளைத்தாய்.

அப்பா அவனை விட்டுவிட்டு நாச்சியாரிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. புருசன் பொண்டாட்டியா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப எதுக்கு தெனமும் பொண்டாட்டிய வாசல்ல எறக்கி விட்டுட்டு அவன் அப்படியே போயிருதான்? வீட்டுக்குள்ள வர மாட்டானா?"

நாச்சியார் சேலை நுனியை முறுக்கினாள். "அவருக்கு... நைட் ஷிப்டுங்கய்யா."

ஹாலில் பாதிப் பேர் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"பூரணம், நீ."

"மாமன் மகப்பா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"மூணு சாட்சி" என்றார் அப்பா. "மூணும் மூணு சொல்லுது. ஒண்ணு மெய்யா இருக்கணும், இல்ல மூணும் பொய்யா இருக்கணும்." பிறகு ஹாலுக்குப் பொதுவாகச் சொன்னார்: "இனி யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். கண்ணு இருக்குல்லா? சும்மா பாப்போம்."

சார் ரீலை மாட்டிவிட்டு வேர்த்து நின்றார். அவர் என்னிடம், போடட்டுமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மின்சாரம் போனால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. போகவில்லை.

இரண்டாவது ரீலில் தொப்பி வைத்த துப்பறியும் அதிகாரி வந்தார். யாரும் எதுவும் சொல்லாததால் ஹாலில் புரொஜக்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வலது பக்கத்தில் அப்பா. அவர் மூச்சு விடுவதை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தான் போட்ட விதியை அவரே மறந்துவிட்டார்.

"செத்த வீட்டுக்குள்ள தொப்பியக் கழத்தாம நிக்கான் பாரு."

அம்மா, "ஷ்ஷ்" என்றாள்.

"வாக்குமூலம் வாங்குதான், கையெழுத்து வாங்கல. டூட்டில குடிக்கான். கிருபா, இவந்தான் கெழவனத் தள்ளியிருக்கான். நான் பாத்திருக்கேன் இந்த மாதிரி ஆள" என்றார் அம்மாவிடம்.

அது தவறு. கிழவரைத் தள்ளியது அவள்தான். ஆனால் நான் வாயைத் திறக்கும் நிலையில் இல்லை. அப்பா அந்தத் தொப்பிக்காரரை ரீல் முழுக்க விடவில்லை. அவர் கதவைத் திறந்தால் குற்றம், நாற்காலியில் உட்கார்ந்தால் குற்றம்.

ரீல் முடிகிற இடத்தில், மழை ராத்திரியில் நடந்தது மறுபடி வருகிறது. மாடிப்படியின் மேலே அவள் நிற்கிறாள். கை நீள்கிறது. கிழவர் விழுகிறார். இதற்கு வார்த்தையே தேவையில்லை. விளக்கு எரிந்ததும் பாலம்மாளின் குரல்தான் முதலில் வந்தது.

"மாமனாரத் தள்ளிவிட்டுக் கொன்னுட்டு முக்காடு போட்டுக்கிட்டு அழுதா! ஏட்டி நாச்சியா, இதக் காட்டத்தான் என்னயக் கூட்டியாந்தியா?"

"அத்தை, படந்தான அத்தை..."

"படம்! நீ வீட்டுக்கு வா."

வெள்ளைத்தாய் தலையில் கை வைத்திருந்தாள். "தம்பிக்காரனுக்குத் தெரிஞ்சுருக்குமோ? தெரிஞ்சா அவன் என்ன பண்ணுவான், கூடப் பொறந்தவளாச்சே."

தொப்பிக்காரர் தள்ளவில்லை என்று தெரிந்ததும் அப்பா கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மாமன் மகளாம்" என்றார். அவ்வளவுதான். இதற்குப் பதில் சத்தம் போட்டிருக்கலாம்.

மூன்றாவது ரீலில் வேலைக்காரனைக் கைவிலங்கிட்டுக் கூட்டிப் போகிறார்கள். டாக்ஸிக்காரன் தெருவோரம் வண்டியை நிறுத்தி அதைப் பார்க்கிறான். மழைத் தண்ணீரின் நிழல் அவன் முகத்தில் வழிகிறது. ஹாலில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பிறகு அவன் ஸ்டேஷன் படி ஏறுகிறான். தொப்பிக்காரர் மேஜைக்குப் பின்னால் இருக்கிறார். சுவரோரம் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாள். டாக்ஸிக்காரன் பேச ஆரம்பிக்கிறான்.

படத்தில் அவன் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசுவது இங்கே மட்டும்தான். சும்மா பார்த்துப் புரிந்துகொள்ள முடியாத இடம். ஹால் முழுக்க முன்னால் சாய்ந்தது.

"பூரணம்" என்றார் அப்பா. "என்ன சொல்லுதான்?"

அவர் முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"உள்ளதச் சொல்லு."

உள்ளதைச் சொன்னால் முதல் ரீலில் சொன்னது அத்தனையும் பொய் என்று ஆகிவிடும். அவள் இன்னொருவர் மனைவி, இவன் அவளோடு சுற்றியவன் என்று ஹால் முழுக்கக் கேட்கும். சனிக்கிழமையோடு வகுப்பு முடியும். சொல்லாவிட்டால், அல்லது இன்னொரு பொய் சொன்னால், ஒருவேளை தப்பிக்கலாம். அத்தை மகன் மனம் திருந்திவிட்டான் என்று ஏதாவது. வார்த்தைகூட வாய் வரை வந்துவிட்டது. ஆனால் எதிரே அவன் பேசிக்கொண்டிருந்தான். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை கேட்டது எல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. அவன் நின்று மூச்சு வாங்கிய இடத்தில் நான் ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு ராத்திரி அவ என் வண்டியில இல்லங்கான்" என்றேன். "நான் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகல. வாசல்ல நின்னேன். மழை பேஞ்சுது."

பின்னால் யாரோ, "சத்தமாச் சொல்லும்மா" என்றார்கள். எழுந்து நின்றேன்.

"நான் சொன்னது பொய். என் வண்டிய எடுத்துக்கோங்க. லைசென்ஸ எடுத்துக்கோங்க. அந்த வேலைக்காரன விட்ருங்க."

தொப்பிக்காரர் ஏதோ கேட்டார்.

"அவ ஒனக்கு என்ன வேணும்னு கேக்காரு" என்றேன்.

டாக்ஸிக்காரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் சொன்னதை நான் சொன்னேன். "யாருமில்ல. அவ அந்தப் பெரியவரு பொண்டாட்டி. எனக்குச் சொந்தமில்ல, ஒண்ணுமில்ல. என் வண்டியில ஏறுவா. அவ்வளவுதான்."

"பொறவு எதுக்குப் பொய் சொன்னன்னு கேக்காரு."

அவன் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் தலையிலிருந்த டிரைவர் தொப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தான். அதோடு படம் முடிகிறது. ரீலின் வால் படபடவென்று அடித்துக்கொண்டே சுற்றியது. சார் அதை நிறுத்த மறந்து நின்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காருவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"யாருமில்லாதவளுக்கா?" என்றாள் வெள்ளைத்தாய் மெதுவாக. காராச்சேவுப் பொட்டலம் மடியிலிருந்து சரிந்து கிடந்தது. "கூடப் பொறந்தவளுக்குப் பொய் சொல்லுறதுல என்ன இருக்கு? எல்லாவனும்தான் சொல்லுவான். யாருமில்லாதவளுக்குல்லா சொல்லியிருக்கான், படுபாவிப் பய." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேல்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவ அவன் மூஞ்சியப் பாத்திருக்கலாம் அவ" என்றாள் அம்மா. அம்மாவும் அழுதிருந்தாள்.

பாலம்மாள் மட்டும் வேறு கணக்கில் இருந்தாள். "அப்ப அந்தக் கெழவன் மாமனாரு இல்லையா?"

"இல்ல அத்தை. புருசன்" என்றாள் நாச்சியார்.

"புருசனா?" பாலம்மாள் பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன, கிறுக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் இந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனுக்கு அவள் யாருமில்லை. நாங்கள் மூன்று பேரும் பெரிய உபகாரம் மாதிரி ஆளுக்கொரு முறை வைத்து, படத்தில் இருந்த ஒரே விஷயத்தை எடுத்துவிட்டோம். எனக்கு இப்படித்தான் படுகிறது. சார் வேறு ஏதாவது சொல்லக்கூடும்.

அப்பா எழுந்தார். ஹால் சிரிப்பு நின்றது. அவர் நேராகப் புரொஜக்டர் பக்கம் போனார்.

"வாத்தியாரே, மொத ரீல் இருக்கா?"

"இருக்கு. இருக்கிறது சார்" என்றார் சார். முதல் தடவையாக அவர் புத்தகத் தமிழ் தடுக்கியது.

"அதத் திருப்பிப் போடுங்க. நாங்க பாத்தது வேற படம்லா? கணக்குல சேராது."

யாரும் எழுந்து போகவில்லை. சார் ரீலைச் சுற்றி மாட்டுகிற வரை வெள்ளைத்தாய் காராச்சேவை வரிசையாகக் கொடுத்து அனுப்பினாள். அப்பா தன் நாற்காலிக்குத் திரும்பியதும் என்னிடம், "அங்க மிஷினுக்குப் பக்கத்துல போய் நில்லு. எல்லாருக்கும் கேக்கணும். இந்தத் தடவ மொதல்ல இருந்து ஒழுங்காச் சொல்லு" என்றார். கோபமா இல்லையா என்று குரலை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

மறுபடி மழை பெய்தது. மறுபடி அவள் டாக்ஸியில் ஏறினாள். "இவ யாருன்னு அவனுக்கே இன்னும் தெரியாது" என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். தெரியாத இரண்டு இடங்களில் தெரியவில்லை என்றே சொன்னேன். கிழவர் வந்தபோது, "இவருதான் புருசன்" என்றேன். பாலம்மாள், "தெரியுது, தெரியுது" என்றாள்.

அந்த இடம் நெருங்கியது. டாக்ஸிக்குள் இருட்டு. அவள் கதவைத் திறக்கப் போகிறாள், திறக்கவில்லை. சாரின் கை பழக்கத்தில் லென்ஸ் பக்கம் போனது. ஒரு விரலின் நிழல் திரையின் ஓரத்தில் விழுந்தது.

"வாத்தியாரே" என்றார் அப்பா திரும்பாமலே. "கைய எடுங்க."

கை போனது. முத்தம் வந்தது. வந்தது என்று சொல்வதுகூட அதிகம். இரண்டு நிழல் ஒன்றாகி, உடனே இரண்டானது. பேண்டேஜ் துணிக்குப் பின்னால் சுவரில் அதே இரண்டு நிழல் கொஞ்சம் தாமதித்துப் பிரிந்த மாதிரி இருந்தது.

"இம்புட்டுக்கா கைய வச்சு மறச்சாரு?" என்றாள் அம்மா. அவளுக்கு அது யார் கை என்று அப்போதுதான் புரிந்தது. இருட்டில் என் பக்கம் திரும்பி, "மழையாம்ல" என்றாள்.

எல்லாம் முடிந்து சார் ரீல்களைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை மெட்ராஸ் வண்டியில் ஏற்ற வேண்டும், பெட்டி கனம், யாராவது ஸ்டேஷன் வரை கை கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொன்னார். வேல்சாமிக்குத் திங்கள் சாயங்காலம் ஷிப்ட்.

"திங்கக்கெழம பூரணம் கிளாசுக்கு வரும்போது நானும் வாரேன். நான் தூக்குதேன்" என்றார் அப்பா. பெட்டியை ஒரு கையால் தூக்கிக் கனம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

கிளாசுக்கு வரும்போது என்று அவர் சொன்னது எனக்கு மாடிப்படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. சரியாகத்தான் கேட்டேனா என்று அம்மாவிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ராஜபாளையம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அம்மா ஜன்னலோரம், நான் நடுவில், அப்பா ஓரத்தில் நடைவழியில் காலை நீட்டிக்கொண்டு. பஸ் ஊரைத் தாண்டியது. பிறகு அம்மா கேட்டாள்: "அந்த டாக்ஸிக்காரப் பயலுக்கு எம்புட்டு வருசம் போட்டிருப்பாக?"

அப்பா அதை உண்மையாகவே யோசித்தார். "பொய்ச் சாட்சிக்கு உண்டு, சும்மா விட மாட்டாக" என்றார். பிறகு என் தலைக்கு மேலே கையை நீட்டி, காற்று அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார். "ஆனா தானா வந்து உள்ளதச் சொன்னவனுக்குக் கொறைச்சுத்தான் போடுவாக."